உங்களுக்குத் தெரியுமா? அடங்காத தைராய்டு

'ஹைப்பர் தைராய்டு' என்று மருத்துவர் சொல்லி ஓரிரு வாரம்தான் ஆகிறதா? இந்தத் துணுக்குகள் உங்களுக்காக. உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

● குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கும் தைராய்டு சுரப்பியின் எடை 15 முதல் 25 கிராம். நலமாக இருக்கும்போது அது ஒரு நாளில் சுரக்கும் தைராக்சின் 80 முதல் 100 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரு கிராம் சேர ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகும்! இத்தனை சிறிய அளவுதான் இதயத் துடிப்பு, உடல் சூடு, குடலின் ஓட்டம், தசை, மனநிலை எல்லாவற்றின் வேகத்தையும் முடிவு செய்கிறது. அது கொஞ்சம் கூடினாலே தலை முதல் கால் வரை ஆட்டம் காண்கிறது.

● 'டி.எஸ்.ஹெச். 0.01, குறைவு என்று அச்சடித்திருக்கிறதே, பிறகு எப்படி அதிகம் என்கிறார்கள்?' முதல் நாளில் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. டி.எஸ்.ஹெச். தைராய்டு தயாரிப்பது அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிதமிஞ்சிப் போனால் பிட்யூட்டரி அதை அனுப்புவதையே நிறுத்திவிடும். ஆகவே டி.எஸ்.ஹெச். அடிமட்டத்துக்குப் போய், ஃப்ரீ டி-4, ஃப்ரீ டி-3 உயர்ந்திருந்தால் சுரப்பு அதிகம் என்று பொருள். சிலருக்கு டி-3 மட்டும் ஏறியிருக்கும். அதனால் மூன்று எண்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டி.எஸ்.ஹெச். இயல்பளவு பெரும்பாலான ஆய்வகங்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை.

● நம் ஊரில் தைராய்டு தொல்லை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இதற்கு நேர் எதிரான குறைசுரப்பு. எனவே உறவிலும் அக்கம்பக்கத்திலும் அன்போடு சொல்லப்படும் ஆலோசனைகள் அந்த நோய்க்கானவை. 'முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பக்கமே போகாதே' என்பார்கள். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதே முட்டைக்கோஸைத் தினமும் தின்று இந்த நோயை அடக்கிவிடவும் முடியாது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அத்தை போடும் தைராய்டு மாத்திரையைத் 'தைராய்டுக்குத்தானே' என்று வாங்கி விழுங்கினால், ஏற்கெனவே நிரம்பி வழியும் ஹார்மோனை இன்னும் கூட்டுகிறீர்கள். தைராக்சின் அவருக்கு, சுரப்பைத் தடுக்கும் கார்பிமசோல் உங்களுக்கு. மருந்துக்கடையில் அட்டையைக் கையில் வாங்கிப் பெயரைப் படியுங்கள்.

● அதிர்ந்து பேசாத அம்மா ஒரு தட்டு விழுந்ததற்குக் கத்துகிறார். மாலையில் காரணமில்லாமல் அழுகிறார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அலமாரி அடுக்குகிறார். ஆறேழு மாதமாக வீடே அவரைக் கண்டு ஒதுங்கி நடக்கிறது. இவை ஹைப்பர் தைராய்டின் நேரடி அறிகுறிகள் என்பது உங்களுக்குத் தெரியுமா? தைராய்டு ஹார்மோன் கூடும்போது, அட்ரினலின் போன்ற பரபரப்பு ஹார்மோன்களுக்கு உடல் பல மடங்கு கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது. எதிரே ஆபத்து நின்றால் என்ன நிலையில் இருப்போமோ, அந்த நிலையில் அவர் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறார். 'வயசாக ஆகக் குணம் கெட்டுப்போச்சு' என்று சொல்லியிருந்தால் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள். நோயாளி தன்னைத் தானே வெறுத்துக்கொண்டிருப்பார். 'இது நீ இல்லை, உன் சுரப்பி' என்று வீட்டில் ஒருவராவது வாய்விட்டுச் சொன்னால் போதும், மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்திவிடுவார்.

● மனப்பதற்றத்திலும் இதயம் படபடக்கும், இதிலும் படபடக்கும். பழைய மருத்துவர்கள் இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி வைத்திருந்தார்கள். பதற்றக்காரரின் நாடி தூங்கும்போது தணிந்துவிடும். தைராய்டுக்காரரின் நாடி தூக்கத்திலும் விரைந்து ஓடும். இன்னொன்று, பதற்றத்தில் உள்ளங்கை குளிர்ந்து வியர்க்கும். இதில் கதகதப்பாக வியர்க்கும்.

● கையை நீட்டி, விரல்களை விரித்து, புறங்கைமீது ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடுக்கத்தைத் தாளின் ஓரம் காட்டிக்கொடுக்கும். மருத்துவர்கள் இன்றும் செய்யும் எளிய சோதனை இது.

● தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழ முடியவில்லையா? பரணிலிருந்து பாத்திரம் இறக்கும்போது கை ஓய்கிறதா? மாடிப்படியில் தொடை தளர்கிறதா? மூட்டு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மிகைச்சுரப்பு தசையைக் கரைக்கும். அதிலும் தொடை, இடுப்பு, தோள் என்று உடலின் நடுப்பகுதியை ஒட்டிய பெரிய தசைகளைத்தான் முதலில் பிடிக்கும். சுரப்பு கட்டுக்குள் வந்தபின் சில மாதங்களில் பலம் திரும்பும். அதுவரை கடும் உடற்பயிற்சி வேண்டாம். மெதுவான நடை போதும்.

● நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பதுதான் எல்லோரும் அறிந்த அடையாளம். ஆனால் சிலருக்குப் பசி கூடி, உடல் எரிப்பதைவிட அதிகமாகச் சாப்பிட்டு எடை ஏறுவதும் உண்டு. குண்டாக இருப்பவருக்கு இந்த நோய் வராது என்று எண்ண வேண்டாம்.

● முதியவர்களிடம் இது வேறு முகம் காட்டும். படபடப்பு இருக்காது, பசி இருக்காது. சோர்ந்து, பேச்சு குறைந்து, மெலிந்துகொண்டே போவார்கள். புற்றுநோயோ என்று குடும்பம் பதறும். மனச்சோர்வு என்று சிலர் விட்டுவிடுவார்கள். ஒழுங்கில்லாத இதயத் துடிப்பு ஒன்றே சில சமயம் தடயம். காரணம் புரியாமல் மெலியும் எழுபது வயதுக்காரருக்கு டி.எஸ்.ஹெச். பார்க்காமல் விடக் கூடாது.

● இரவு விருந்தில் பிரியாணியோ பரோட்டாவோ திருப்தியாகச் சாப்பிட்டுப் படுத்த இருபத்தைந்து வயது இளைஞர், விடிகாலையில் கண் விழிக்கிறார். நினைவு தெளிவாக இருக்கிறது, கால்கள் அசையவில்லை. பக்கவாதம் என்று அலறி மருத்துவமனைக்குத் தூக்கி ஓடினால், ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருக்கிறது. மிகைச்சுரப்பால் வரும் தற்காலிக முடக்கம் இது. ஆசிய இனத்து ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. மாவுச்சத்து மிகுந்த பெரிய சாப்பாடும், கடும் உழைப்புக்குப் பின் வரும் ஓய்வும் இதைத் தூண்டிவிடும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம் அல்ல. பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பும் தடுமாறும். தைராய்டைச் சரிசெய்துவிட்டால் முடக்கம் மறுபடி வராது. ஆண்களுக்குத் தைராய்டு வராது என்ற நினைப்பால் இப்படிப்பட்ட இளைஞர்களுக்குக் காரணம் தெரியத் தாமதமாகிறது என்பது என் வருத்தம்.

● மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு அதிகம்?' அல்ல. 'எதனால் அதிகம்?' மூன்று காரணங்கள் முக்கியமானவை. ஒன்று, கிரேவ்ஸ் நோய்: உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தூண்டிவிடுவது. இரண்டு, சுரப்பியில் வளர்ந்த கட்டிகள் கட்டுப்பாடின்றிச் சுரப்பது. மூன்று, சுரப்பி அழற்சி: இதில் புதிதாக எதுவும் சுரப்பதில்லை, ஏற்கெனவே சேர்ந்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிகிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் இந்த மூன்றாவது வகை வரும். பெரும்பாலும் தானாகவே அடங்கும். கசிவுக்குச் சுரப்பைத் தடுக்கும் கார்பிமசோலால் பயனில்லை. காரணத்தைக் கண்டறிய டி.ஆர்.ஏபி. என்ற எதிர்ப்பொருள் சோதனையும், டெக்னீசியம் ஸ்கேனும் உதவும். பச்சிளம் குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு மாத்திரை எழுதப்பட்டால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வரக் கூடாது.

● முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? ரத்தம் கொடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். உடலுக்கு ஒரு நாள் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான்; முடி, நகத்துக்கு என்று விற்கப்படும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம்கூட இருக்கும். பல ஆய்வகங்களில் பயன்படும் பரிசோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு கண்ணி. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும், டி-4, டி-3 பொய்யாக உயர்ந்தும், எதிர்ப்பொருள்கூடப் பொய்யாக இருப்பது போலவும் அறிக்கை வரும். இல்லாத கிரேவ்ஸ் நோய் தாளில் முழுதாக உருவாகிவிடும்! சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதிக அளவு எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் நாள் தேவைப்படலாம்.

● டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் இந்த நோயை விவரித்தார். ஆங்கிலம் பேசும் உலகில் அவர் பெயர் நின்றது. ஜெர்மனியின் மெர்சபர்க் நகரத்து மருத்துவர் கார்ல் ஃபான் பாசெடோ 1840-இல் எழுதினார். ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஜப்பானிலும் இது பாசெடோ நோய்தான். இருவருக்கும் முன்பே, இங்கிலாந்தின் பாத் நகரில் கேலப் பாரி 1786 முதல் இத்தகைய நோயாளிகளைக் கவனித்து எழுதி வைத்திருந்தார். அவர் இறந்தபின், 1825-இல்தான் அது அச்சேறியது. அவர் குறித்து வைத்தவர்களில் ஒரு இளம்பெண், சரிவில் விரைந்து இறங்கிய சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பெரிய காயம் இல்லாவிட்டாலும் கடும் பயத்துக்கு ஆளானவர். படபடப்பு அன்றிலிருந்து தொடங்கியது.

● அப்படியானால் 'கவலைப்பட்டே வரவழைத்துக்கொண்டாய்' என்று சொல்வது சரியா? இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த டென்மார்க்கில் இந்த நோய் கூடியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும் மன அழுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் அதே நாட்டில் இரட்டையர்களை ஆராய்ந்தபோது, உருவத்தில் ஒன்றான இரட்டையரில் ஒருவருக்குக் கிரேவ்ஸ் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கண்டறியப்பட்டது. மரபணுவின் பங்கு பெரியது. அதோடு வேறு பலவும் சேர வேண்டும். அழுத்தம் பலருக்கும் உண்டு, நோய் சிலருக்குத்தான். பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். வந்தவர்மேல் பழி போடாதீர்கள்.

● அமெரிக்க அதிபர் ஜார்ஜ் ஹெச்.டபிள்யூ. புஷ் 1991 மே மாதம் ஓட்டப்பயிற்சியின்போது மூச்சு வாங்கி நின்றார். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. காரணம் கிரேவ்ஸ் நோய். அவர் மனைவி பார்பராவுக்கு அதற்கு முன்பே அதே நோய் கண்டறியப்பட்டிருந்தது. அவர்கள் வளர்த்த மில்லி என்ற நாய்க்கோ லூபஸ், அதுவும் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய். வெள்ளை மாளிகைத் தண்ணீரில் ஏதேனும் கலந்திருக்கிறதா என்றுகூடச் சோதித்தார்கள், எதுவும் அகப்படவில்லை.

● மாத்திரை தொடங்கி ஒரு வாரம் ஆகியும் படபடப்பு குறையவில்லையே என்று பலர் மனம் உடைகிறார்கள். கார்பிமசோல், உடலுக்குள் மெதிமசோலாக மாறி, புதிய ஹார்மோன் உருவாவதைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே உருவானதை அது தொடுவதில்லை. அறுப்பு நின்றாலும் குதிரில் இருக்கும் நெல் தீரும்வரை வீட்டில் உலை கொதிக்கத்தான் செய்யும். தைராய்டு மற்றச் சுரப்பிகளைப் போல அன்றன்றைக்குச் சுரந்து அன்றன்றே அனுப்புவதில்லை. வாரக்கணக்கில் இருப்பு வைத்திருக்கும். மூன்று முதல் ஆறு வாரம் பொறுத்திருங்கள். பெரும்பாலோருக்கு அந்தக் காலத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும்.

● அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை. ஹார்மோன் அளவை அடக்குவது அதன் வேலை அல்ல. படபடப்பையும் நடுக்கத்தையும் ஓரிரு நாளில் தணிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு இது மூச்சுத் திணறலை உண்டாக்கலாம்.

● இதை மட்டும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். கார்பிமசோல் எடுக்கும்போது காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஆயிரத்தில் ஓரிருவருக்கு, மிஞ்சினால் ஐந்து பேருக்கு, இந்த மருந்து கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை வீழ்த்திவிடுகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கும். மிக அரிது; ஆனால் 'சளிக் காய்ச்சல்தானே' என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்தால் உயிருக்கே உலை வைக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மருத்துவர் மறுபடி தொடங்கச் சொல்வார், ஒன்றும் கெட்டுவிடாது. கண் மஞ்சளானாலும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலும் இதே அவசரம்தான்; அது கல்லீரலின் குரல். மருந்துச் சீட்டின் முதல் வரியாக இதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருத்துவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

● மாறாக, எந்தக் காரணமும் இன்றி, 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நீங்களாக மாத்திரையை விட்டுவிடுவதும் ஆபத்து. அடங்காத நோயோடு கடும் தொற்றோ அறுவை சிகிச்சையோ விபத்தோ சேர்ந்தால் 'தைராய்டு புயல்' என்ற நிலை வரலாம்: கடும் காய்ச்சல், மிக விரைந்த துடிப்பு, வாந்தி, பேதி, குழப்பம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை அது.

● இரண்டு மாதம் கழித்து எடுத்த சோதனையில் டி-4 இயல்பாகிவிட்டது, டி.எஸ்.ஹெச். மட்டும் இன்னும் 0.01-லேயே கிடக்கிறதா? மருந்து தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. நெடுநாள் ஓய்ந்திருந்த பிட்யூட்டரி விழித்து எழச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளும். தொடக்க மாதங்களில் டி-4, டி-3 எண்களைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவை மாற்றுவார்கள்.

● கிரேவ்ஸ் நோய்க்கு வழக்கமாக மாத்திரை 12 முதல் 18 மாதம். நிறுத்தியபின் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது; மறு பாதிப் பேர் மருந்தில்லாமல் இருக்கிறார்கள். கட்டியால் வரும் மிகைச்சுரப்பு மாத்திரையால் நிரந்தரமாகக் குணமாவது அரிது. அதற்குக் கதிரியக்க அயோடினோ அறுவை சிகிச்சையோதான் வழி.

● கதிரியக்க அயோடின் என்ற பெயர் பலரைக் கலங்க வைக்கிறது. அதன் கதையைக் கேளுங்கள். 1936 நவம்பரில் பாஸ்டனில் ஒரு மதிய உணவுக் கூட்டம். எம்.ஐ.டி. தலைவர் கார்ல் காம்ப்டன் இயற்பியல் மருத்துவத்துக்கு என்ன செய்ய முடியும் என்று பேசினார். சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் மருத்துவர் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா என்று கேட்டார். உடலில் அயோடினை வாரி எடுத்துச் சேர்த்து வைக்கும் உறுப்பு தைராய்டு; ஆகவே கதிர்வீச்சு கொண்ட அயோடினை விழுங்கினால் அது தேடிப்போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்த இடம். அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்த சிகிச்சையை 1941 மார்ச்சில் முதல் நோயாளிக்கு ஹெர்ட்ஸ் கொடுத்தார். இன்று பயன்படும் அயோடின்-131, எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போய் மறையும். ஒரு மாத்திரையாகவோ, ஒரு மடக்குத் திரவமாகவோ விழுங்குவதுதான் சிகிச்சை முழுவதும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கூடவே கூடாது. எடுத்துக்கொண்ட பெண்கள் ஆறு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். சில நாள் கைக்குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்கச் சொல்வார்கள். அடுத்த சில வாரங்களில் விமானப் பயணம் இருந்தால் மருத்துவமனைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில விமான நிலையங்களின் கதிர்வீச்சு உணரிகள் உங்களைக் கண்டு ஒலி எழுப்பலாம்.

● அறுவை சிகிச்சை என்றால்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தைராய்டைக் கத்தியால் தொடவே மருத்துவர்கள் அஞ்சினார்கள். ரத்தப்போக்கில் அவ்வளவு பேர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோஹர் பொறுமையாக, ரத்தக்குழாய் ஒவ்வொன்றாகக் கட்டி, ஆயிரக்கணக்கில் செய்து, இறப்பை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 1909-இல் நோபல் பரிசு பெற்றார். அறுவை மருத்துவர் ஒருவருக்குக் கிடைத்த முதல் நோபல் அது. லெனினின் மனைவி நதேஷ்தா க்ருப்ஸ்காயாவுக்கும் இதே நோய்தான். 1913-இல் அவர் கழுத்தில் கத்தி வைத்தவரும் கோஹர்தான்.

● கதிரியக்க அயோடினுக்குப் பிறகும், முழுச் சுரப்பியை அகற்றிய பிறகும் பெரும்பாலும் குறைசுரப்பு வரும். வாழ்நாள் முழுக்கத் தினம் ஒரு தைராக்சின் மாத்திரை. இதைத் தோல்வி என்று எண்ணி அஞ்சுபவர்கள் நிறையப் பேர். அடங்காத இதயத்தைவிட, அளவு தெரிந்த ஒரு மாத்திரை எவ்வளவோ மேல்.

● கிரேவ்ஸ் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கண்ணும் பாதிக்கப்படுகிறது: மணல் விழுந்தது போன்ற உறுத்தல், நீர் வடிதல், இமை மேலேறி விழிப்பது, கண் முன்தள்ளுவது. கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையும் கொழுப்பும் வீங்குவதால் வருவது இது. புகைப்பவர்களுக்கு இந்தப் பாதிப்பு வரும் வாய்ப்பும் அதிகம், கடுமையும் அதிகம், சிகிச்சைக்கு அடங்குவதும் குறைவு. இந்த நோயில் நோயாளி தன் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய மிகப் பெரிய நன்மை, சிகரெட்டை இன்றே விடுவது. தலையணையை உயர்த்தி வைத்துப் படுப்பதும், கண் ஈரத்துக்கான சொட்டு மருந்தும், வெயிலில் கறுப்புக் கண்ணாடியும் ஆறுதல் தரும். எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, நிறங்கள் மங்கினாலோ, கண் வலித்தாலோ கண் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். கண் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கதிரியக்க அயோடின் அதைக் கூட்டிவிடலாம் என்பதால், அந்த முடிவுக்கு முன் கண்ணைப் பார்த்தாக வேண்டும்.

● வீட்டில் அயோடின் உப்பை நிறுத்த வேண்டுமா? தேவையில்லை. இந்தியாவில் சமையலுக்கு அயோடின் இல்லாத உப்பை விற்க 2006 முதல் தடை. நுகர்வோர் கையில் சேரும் உப்பில் குறைந்தது பத்து லட்சத்துக்கு 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும். பத்து கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். ஒரு பெரியவரின் ஒருநாள் தேவை அதே 150 தான். தவிர்க்க வேண்டியவை வேறு: கடற்பாசிப் பொடி, கடற்பாசி மாத்திரை, 'தைராய்டு சப்போர்ட்' என்று விற்கும் சத்துப் பொடிகள். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் அடங்கியிருக்கிறது, அதாவது ஒருநாள் தேவையைப்போல் 500 மடங்கு! அதை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் இதய மருத்துவரிடம் பேச வேண்டும். சி.டி. ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றும் மருந்திலும் அயோடின் உண்டு. 'எனக்குத் தைராய்டு அதிகம்' என்று அங்கே சொல்லுங்கள்.

● ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் அயோடின் பற்றாக்குறை. 1966-இல் ரொட்டியில் அயோடின் சேர்த்தார்கள். கழுத்துக் கழலை குறைந்தது. ஆனால் சில காலம் மிகைச்சுரப்பு நோயாளிகள் கூடினார்கள். பட்டினி கிடந்த சுரப்பிகளில் கட்டிகள் வளர்ந்திருந்தன. அயோடின் கிடைத்ததும் அவை கட்டுப்பாடின்றிச் சுரந்தன.

● 1984, 85-இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் பக்கத்து மாநிலங்களிலும் 121 பேருக்கு ஒரே சமயத்தில் படபடப்பு, தூக்கமின்மை, எடைக் குறைவு. குடும்பம் குடும்பமாக நோய். துப்புத் துலக்கியபோது, கழுத்துப் பகுதி இறைச்சியோடு மாட்டின் தைராய்டையும் சேர்த்து அரைத்து விற்றிருந்தது தெரிந்தது. ஹார்மோன் சமைத்தும் சாகவில்லை!

● வயதான பூனைகளுக்கும் இந்த நோய் மிகச் சாதாரணம். 1979 முதல் பதிவாகிவருகிறது. அவற்றுக்கும் அதே மெதிமசோல், அதே கதிரியக்க அயோடின்.

● சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மிகைச்சுரப்பில் சர்க்கரை ஏறும். கொழுப்பு எண்ணோ இறங்கும். தைராய்டு அடங்கியதும் இரண்டும் தலைகீழாகத் திரும்பும். சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியும் வரலாம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தம் இளகும் அளவு மாறும். அடிக்கடி சோதிக்க வேண்டும்.

● முடி கொட்டுவது நிற்குமா? நிற்கும். ஆனால் தலைமுடி இரண்டு மூன்று மாதம் பின்தங்கித்தான் நடக்கும். சுரப்பு சரியானபின்னும் சில வாரம் கொட்டிவிட்டுப் பிறகு முளைக்கும்.

● சிகிச்சை பலித்ததும் எடை கூடுவது பலரை வருத்துகிறது. இழந்த தசையும் எடையும் திரும்புவது நல்லதுதான். ஆனால் நோய்க்காலத்தில் பழகிய இரண்டாம் தட்டுச் சோறு, நோய் போனபின்னும் பழக்கமாக நிற்கும். நாடி இறங்கத் தொடங்கும் வாரத்திலேயே தட்டையும் பார்த்துக்கொள்ளத் தொடங்குங்கள். காபியைக் குறைப்பது முதல் நாளிலிருந்தே நல்லது. நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் அது துணை போகும்.

● நெடுநாள் மிகைச்சுரப்பு எலும்பைச் சன்னமாக்கும். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு அடர்த்திச் சோதனை பற்றிக் கேளுங்கள். சிகிச்சையால் அடர்த்தி ஓரளவு மீளும்.

● கெய்ல் டெவர்ஸ் என்ற அமெரிக்க ஓட்டக்காரர் 1988 சோல் ஒலிம்பிக்கிற்குப் பிறகு காரணம் புரியாமல் தேய்ந்தார். எடை இறங்கியது, பார்வை மங்கியது, முடி உதிர்ந்தது. கிரேவ்ஸ் நோய் என்று கண்டறியவே 1990 ஆகிவிட்டது. கதிரியக்கச் சிகிச்சைக்குப் பின் பாதங்கள் வீங்கி வெடித்து, 1991-இல் காலை வெட்டிவிடலாமா என்று மருத்துவர்கள் யோசிக்கும் நிலைக்குப் போனது. 1992-இல் பார்சிலோனாவில் 100 மீட்டரில் தங்கம். அதே ஒலிம்பிக்கின் தடை ஓட்டத்தில் முன்னணியில் இருந்த அவர், கடைசித் தடையில் இடறி ஐந்தாவதாக வந்தார். 1996 அட்லாண்டாவில் மறுபடி 100 மீட்டர் தங்கம். எல்லோருக்கும் இவ்வளவு கடுமை வராது. அவர் இழந்த இரண்டாண்டுகள், பெயர் தெரியாத நோயோடு கழிந்தவை. உங்களுக்கு இப்போது பெயர் தெரிந்துவிட்டது.

● கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வாந்தி கடுமையாக இருக்கும் பெண்களுக்கு டி.எஸ்.ஹெச். குறைந்து காணப்படலாம். கர்ப்பத்தில் சுரக்கும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன், உருவில் டி.எஸ்.ஹெச்.-ஐ ஒத்திருப்பதால் தைராய்டைத் தூண்டுகிறது. இது நோய் அல்ல. மூன்று நான்கு மாதம் கடந்ததும் தானாக அடங்கும், மாத்திரை தேவைப்படாது.

● உண்மையான கிரேவ்ஸ் உள்ள பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கார்பிமசோல் முதல் மூன்று மாதத்தில் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைச் சிறிய அளவில் பாதிக்கக்கூடும் என்பதால், அந்தக் காலத்துக்குப் ப்ரோபைல்தையோயுராசில் என்ற மாற்று மருந்தைத் தருவார்கள். மாதவிடாய் தள்ளிப்போன அன்றே தொலைபேசியில் கூப்பிட வேண்டிய அளவுக்கு இது அவசரமானது. மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. அடங்காத மிகைச்சுரப்பு தாய்க்கும் சேய்க்கும் அதைவிடக் கெடுதல்.

● இன்னொன்று, பிரசவ மருத்துவர்களிடம் பல பெண்கள் சொல்ல மறப்பது. பத்து ஆண்டுக்கு முன் கிரேவ்ஸுக்காகச் சுரப்பியையே எடுத்தாயிற்று, இப்போது போடுவது தைராக்சின் மட்டும், எண்கள் எல்லாம் சரி. ஆனாலும் சுரப்பியைத் தூண்டிய எதிர்ப்பொருள் தாயின் ரத்தத்தில் இன்னும் இருக்கலாம். தாக்க அங்கே தைராய்டு இல்லை. அது நஞ்சுக்கொடி வழியே போய்க் குழந்தையின் தைராய்டைத் தூண்டும். ஆகவே கர்ப்பம் உறுதியானதும், 'முன்பு எனக்குக் கிரேவ்ஸ் இருந்தது, டி.ஆர்.ஏபி. பார்க்கலாமா?' என்று கேளுங்கள். அளவு அதிகமாக இருந்தால் வயிற்றிலேயே குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துவருவார்கள். பிறந்தபின் முதல் வாரத்தில் குழந்தைக்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில மாதங்களில் கரைந்துவிடும். அதோடு குழந்தையின் தொல்லையும் போய்விடும்.